பித்தக்குழாயில் ஏறியவர்

தங்கப்பழத்தை மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு டாக்டர் ஜெபராணி சாப்பிடப் போனபோது மணி பன்னிரண்டே முக்கால். ஒன்றரை ஆகியும் அவர் திரும்பி வரவில்லை. தங்கப்பழமும் மூச்சை விடவில்லை.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. தங்கப்பழம் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு விசில் கேட்டால் நிறுத்துவார். ரெண்டு விசில் கேட்டால் எடுப்பார். நடுவில் தன் இஷ்டத்துக்கு எதையும் செய்கிற ஆள் இல்லை என்று டிப்போவில் பெயர் வாங்கியவர்.

ஸ்கேன் ரூமில் குளிர் அதிகம். வயிற்றில் பூசியிருந்த ஜெல் அதைவிடக் குளிர். வலது விலாவுக்குக் கீழே, காலையில் சர்ஜன் பேனாவால் போட்ட கோடு ஒன்று இருந்தது. அப்போது அது அரை விரல் நீளம்.

"பித்தக்குழாய்ல ஏதோ அடைச்சிருக்கு. அதான் கண்ணெல்லாம் மஞ்சள்," என்று சர்ஜன் சொல்லியிருந்தார். "கல்லுன்னா கத்தி. புழுன்னா கத்தி வேண்டாம். மாத்திரை குடுத்து, வாய் வழியா ஒரு குழாயை விட்டுப் பாத்துக்கலாம். நாலு மணிக்குத் தியேட்டர். அதுக்குள்ள ஸ்கேன்ல எது என்னன்னு எழுதி வாங்கிட்டு வந்துருங்க."

"எழுதி வாங்காட்டி?" என்று கேட்டவர் வேலாண்டி.

"எழுதாதது எல்லாம் கல்லுதான்."

சொல்லும்போது சர்ஜன் நல்ல மனுஷனாகத்தான் சொன்னார். பேனாவை மூடி, மறதியாகத் தங்கப்பழத்தின் சட்டைப்பையில் செருகிவிட்டுப் போனார்.

வேலாண்டி கண்டக்டர். தங்கப்பழத்தோடு ஏரல் வண்டியில் இருபத்திரெண்டு வருஷம் ஓடியவர். ரெண்டு பேரும் ஒரே வெள்ளிக்கிழமை ரிட்டையர் ஆனார்கள். வேலாண்டி இன்னும் தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் நடக்கிறார். பை இல்லாவிட்டால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறதாம். சட்டைப்பையில் விசிலும் இருக்கிறது. ரிட்டையரான பிறகு அதை அவர் ஊதியதில்லை. காரணமில்லாமல் ஊதினால் யாராவது நின்றுவிடுவார்கள் என்று பயம்.

டாக்டர் ஜெபராணி சாப்பிடப் போவதற்கு முன்னால் நடந்தது இவ்வளவுதான்.

அவர் கருவியை வயிற்றில் வைத்து அழுத்தினார். திரையில் மழைநாள் கண்ணாடி மாதிரி சாம்பல் நிறம். நடுவில் ஒரு கறுப்பு வாய்க்கால். வாய்க்காலுக்குள் நீளமாக ஒன்று படுத்திருந்தது.

"கல்லுன்னா பின்னால நிழல் விழும். இதுக்கு விழல," என்றார் டாக்டர். "நீளமா இருக்கு. குழாய்க்குள்ள குழாய். நாக்குப்பூச்சி மாதிரிதான் தெரியுது."

"அப்ப எழுதிருங்கம்மா," என்றார் வேலாண்டி.

"மாதிரின்னு எழுத முடியாது. அசையணும். இவரு மூச்சு விட்டா ஈரல் ஆடும், குழாய் ஆடும், எல்லாம் ஆடும். யாரு ஆடுதான்னே தெரியாது. ஐயா, நீங்க மூச்சைப் பிடிங்க. அதுக்குப் பிறகும் எது ஆடுதோ அது புழு."

தங்கப்பழம் பிடித்தார். ஈரல் நின்றது. குழாய் நின்றது. வாய்க்காலுக்குள் இருந்ததும் நின்றது.

டாக்டர் திரையை உற்றுப் பார்த்தார்.

"அதுவும் பிடிச்சிருச்சு," என்றார். "நல்ல வளர்ப்பு. சொன்ன பேச்சைக் கேக்குது."

"இப்ப என்னம்மா செய்ய?"

"யாராவது ஒருத்தர் அசையட்டும். நான் ரெண்டு வாய் சாப்ட்டு வந்துருதேன்."

போய்விட்டார்.

வேலாண்டி மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவருக்குப் புழு பெரிதாகத் தெரியவில்லை. வேறொன்று உறுத்தியது.

"இந்த ஆளு எங்க ஏறினான் அண்ணாச்சி?" என்றார். "நம்ம வண்டில டிக்கெட் இல்லாம ஒருத்தன் ஏறினது கிடையாதே."

தங்கப்பழம் சுவரைப் பார்த்தார்.

ஒன்றரை மணிக்கு வேலாண்டி டெக்னீசியனிடம் போனார். டெக்னீசியன் பேர் சகாயம். கையில் ஜெல் பாட்டிலோடு மூலையில் நின்றிருந்தார்.

"தம்பி, இவரை மூச்சை விடச் சொல்லும்."

"நான் சொல்லக் கூடாதுங்க. பிடிக்கச் சொன்னவங்கதான் விடச் சொல்லணும்."

"உமக்கு அந்தப் பவர் இல்லையா?"

"எனக்கு ஜெல் பூசுத பவர்தான் இருக்கு."

"அப்ப அதையாவது பூசும்."

சகாயம் பூசினார்.

பேசுவதற்குத் தங்கப்பழத்தின் உள்ளே பழைய மூச்சு கொஞ்சம் இருந்தது. அதைச் சிக்கனமாகச் செலவழித்துக்கொண்டிருந்தார். ஒரு பேச்சுக்கு ஒரு சொல், ரெண்டு சொல்.

"கோடு," என்றார்.

வேலாண்டி குனிந்து பார்த்தார். கோடு தொப்புள் வரை வந்திருந்தது.

"காலையில இவ்வளவு இல்லையே!"

"அது வளரும்ங்க," என்றார் சகாயம். "நல்ல மை."

டாக்டரைத் தேடிப் போவது என்று முடிவாயிற்று. கருவியை வயிற்றிலிருந்து எடுக்கக் கூடாது, எடுத்தால் புது டோக்கன் போட வேண்டும் என்று சகாயம் சொன்னார். புது டோக்கன் வியாழக்கிழமைக்குத்தான் கிடைக்கும். அதனால் தங்கப்பழம் கருவியைத் தானே வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மெஷினுக்குச் சக்கரம் இருந்தது. வேலாண்டி தள்ளினார். பிளக்கைப் பிடுங்கினார்கள். மெஷின் அதைக் கவனிக்கவில்லை.

"கேன்டீன் எங்க தம்பி?"

"வராண்டா முடியுத இடத்துல."

காலையில் அந்த வராண்டா நாற்பது தப்படிதான் இருந்தது. இப்போது அதன் முடிவு கண்ணுக்குத் தெரியவில்லை. தூரத்தில் கொஞ்சம் புகைமூட்டமாக இருந்தது. வேலாண்டி நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

"நாலு ஸ்டேஜ் வரும் அண்ணாச்சி."

நடந்தார்கள். ரெண்டு பக்கமும் பெஞ்சு. ஒரு பெஞ்சில் நாக்கை நீட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரை நாக்கை நீட்டச் சொன்ன டாக்டருக்கு மாற்றலாகிவிட்டது. அடுத்த பெஞ்சில் ஒரு அம்மா கையைத் தூக்கியபடி இருந்தார்.

"உங்களை எப்பம்மா தூக்கச் சொன்னாங்க?"

"மக கல்யாணத்துக்கு முந்தி."

"மக எங்க?"

"அவ பேரப்பிள்ளைக்குக் காது குத்தப் போயிருக்கா."

தங்கப்பழம் நடையை எட்டிப் போட்டார். பிடித்த மூச்சு வெளியே வர வழியில்லாமல் விலாவில் முட்டிக்கொண்டே இருந்தது.

ரெண்டாவது ஸ்டேஜில் ஒரு கவுன்டர் குறுக்கே நின்றது. நிழல் பிரிவு என்று பலகை தொங்கியது. உள்ளே கண்ணாடி போட்ட ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மேலே ஒரு குண்டு பல்பு.

"ஒவ்வொருத்தரா நிழலைக் காட்டுங்க," என்றார் கவுன்டர் அம்மா.

வேலாண்டி பல்புக்குக் கீழே நின்றார். பின்னால் நிழல் விழுந்தது.

"நீங்க கல்லு. தள்ளி நில்லுங்க."

"நானாம்மா?"

"நிழல் விழுதுல்லா. அடுத்து."

தங்கப்பழம் நின்றார். நிழல் விழவில்லை. அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நேற்றுவரை விழுந்துகொண்டிருந்தது.

"இவரு கல்லு இல்ல," என்று அம்மா முத்திரை குத்தினார். "உள்ள இருக்கவருக்கு ஒரு ஃபாரம் போடணும். பேரு?"

"தங்கப்பழம்," என்றார் வேலாண்டி.

"உள்ள இருக்கவரு பேரைக் கேட்டேன்."

"அதை நாங்க கேட்டுக்கல."

"தகப்பனார் பேரு?"

வேலாண்டி யோசித்தார். "அதுக்குத் தங்கப்பழம்னே போடுங்க. சோறு போட்டு வளத்தது இவருதான்."

"எங்கேருந்து வந்தாரு?"

"நானும் காலையில இருந்து அதைத்தாம்மா கேக்குதேன்."

"ஏறின இடம் தெரியாம ஃபாரம் வாங்க மாட்டோம்."

ரெண்டு பேரும் தங்கப்பழத்தைப் பார்த்தார்கள்.

"தெரியாது," என்றார் தங்கப்பழம்.

அந்த ஒரு சொல்லுக்கு வழக்கத்தைவிட நாலு மடங்கு மூச்சு செலவானது. உள்ளே ஒரு மூலை காலியானதை அவரே உணர்ந்தார். திரையில் இருந்தது லேசாகத் தலையைத் தூக்கியது மாதிரி இருந்தது. வேலாண்டி குனிந்து பார்ப்பதற்குள் படுத்துவிட்டது.

"இப்ப அசைஞ்சுதா?"

கவுன்டர் அம்மா ஃபாரத்தை மடித்து வேலாண்டி கையில் கொடுத்தார். ஏறின இடத்துக்கு நேரே ஒரு பெருக்கல் குறி.

எதிரே சர்ஜன் வந்தார். கையில் உறை மாட்டியிருந்தார். ஒரு கையில்தான். மறு கைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றார்.

"கோடு எப்படி இருக்கு?"

"வளந்துக்கிட்டே இருக்கு சார்," என்றார் வேலாண்டி. "கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியாதா?"

சர்ஜன் சட்டையை விலக்கிப் பார்த்தார். கோடு தொப்புளைச் சுற்றிக்கொண்டு இடது இடுப்பைத் தாண்டி முதுகுப் பக்கம் போயிருந்தது.

"வளரட்டும்," என்றார். "பிஞ்சுல வெட்டக் கூடாது."

தங்கப்பழத்துக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. பிஞ்சு என்று யார் சொன்னாலும் கொஞ்ச நாளாகவே அவருக்குப் பிடிப்பதில்லை.

"எழுதி வாங்கிட்டீங்களா?"

"டாக்டரம்மாவைத்தான் தேடிப் போறோம்."

"சீக்கிரம் போங்க. இந்த வராண்டா சாயங்காலத்துல ரொம்ப நீண்டுரும்."

போகும்போது மணியைச் சொல்லிவிட்டுப் போனார். ரெண்டே முக்கால்.

மூன்றாவது ஸ்டேஜில் மெஷினின் சக்கரம் கிறீச்சிட ஆரம்பித்தது. வேலாண்டி தள்ளிக்கொண்டே பேசினார். அவருக்குப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. மூச்சும் இருந்தது.

"ஒரு நாள் ஆழ்வார்திருநகரில ஒரு கோழி ஏறிச்சே, ஞாபகம் இருக்கா? யாரோடதுன்னு யாரும் ஒத்துக்கிடல. இறக்கி விட்டுட்டுத்தானே ரெண்டு விசில் குடுத்தேன்? ஏழு நிமிஷம் லேட்டு. கன்ட்ரோலர் கத்தினாரு. எல்லாரும் டிக்கெட் எடுத்து முடிக்காம நான் ரெண்டு விசில் குடுக்க மாட்டேன், அவ்வளவுதான்னுட்டேன். ஒரு தடவைகூடக் குடுத்தது இல்ல. நீங்களும் விசில் இல்லாம ஒரு அங்குலம் எடுத்தது இல்ல. ஏரல் ரோட்டுல அந்தப் பேரு நம்ம ரெண்டு பேருக்குந்தான்."

தங்கப்பழம் தலையை ஆட்டினார். ஆட்டுவதற்கு மூச்சு தேவைப்படவில்லை. ஆனாலும் கழுத்து வலித்தது.

"இந்தப் பய மட்டும் எங்க ஏறினான்? ஏறுறதை நான் எப்படிப் பாக்காம விட்டேன்? அதான் அண்ணாச்சி எனக்கு நெஞ்சுக்குள்ள குத்துது."

"விடும் வே," என்றார் தங்கப்பழம். இன்னொரு மூலை காலியானது.

கேன்டீனை அடைந்தபோது மூன்றரை. கேன்டீனில் ஒரே ஒரு மேஜை. டாக்டர் ஜெபராணி அதில் உட்கார்ந்து இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு இழையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அசையவில்லை என்று உறுதியான பிறகு வாயில் போட்டுக்கொள்வார். அதனால்தான் நேரமாகியிருந்தது.

"அசைஞ்சாரா?" என்று கேட்டார்.

"ரெண்டு பேருமே அசையலம்மா," என்றார் வேலாண்டி. "நீங்க விடச் சொல்லிட்டுப் போகலையே."

"சொல்லலையா? அடடா. ஐயா, மூச்சை விடலாம்."

தங்கப்பழம் விட முயன்றார்.

வரவில்லை.

வாயைத் திறந்து பார்த்தார். தோளைத் தூக்கி இறக்கினார். மூச்சு உள்ளே பிரேக் போட்ட இடத்தில் அப்படியே நின்றது. முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"விடுங்கய்யா. நான்தான் பிடிக்கச் சொன்னேன், நானே சொல்லுதேன்."

வேலாண்டிக்குத்தான் புரிந்தது.

"அம்மா, ரெண்டே முக்கால் மணி நேரமா நிக்குத வண்டி. வாய்வார்த்தைக்கு எடுக்க மாட்டாரு. அவருக்கு விசில் வேணும்."

"விசிலா? அதுக்கு எங்க போக?"

"எங்கிட்ட இருக்கு."

"அப்ப ஊதுங்க."

வேலாண்டி சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தார். வேட்டி நுனியில் துடைத்தார். வாயருகே கொண்டுபோனார். அங்கேயே கை நின்றது.

"முடியாதும்மா."

"ஏன்?"

"ஒருத்தர் டிக்கெட் எடுக்கல."

மூவரும் திரையைப் பார்த்தார்கள். வாய்க்காலுக்குள் அது நீட்டி நிமிர்ந்து, ஜன்னலோர சீட் கிடைத்த மாதிரி படுத்திருந்தது.

"குடுத்துத் தொலைங்களேன் ஒரு டிக்கெட்டை," என்றார் டாக்டர். "இவரு மூச்சு விட்டா அதுவும் விடும். அது அசைஞ்சா நான் எழுதுவேன். நான் எழுதினா கத்தி இல்ல. எல்லாம் உங்க கையிலதான் இருக்கு."

"குடுக்கலாம். பையில கடைசியா ஒரு டிக்கெட் இருக்கு. எங்க ஏறினாருன்னு தெரியாம எப்படிக் கிழிக்க?"

"சும்மா ஏதாவது ஒரு ஊரைப் போடுங்க."

வேலாண்டி டாக்டரை ஒரு பார்வை பார்த்தார். சாப்பிடுகிறவர் என்பதால் ஒன்றும் சொல்லவில்லை.

வராண்டாவில் செருப்புச் சத்தம் கேட்டது. நிதானமான சத்தம். சர்ஜன் ரெண்டாவது உறையை மாட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். இன்னும் ரெண்டு ஸ்டேஜ் தள்ளித்தான். ஆனால் அவர் பக்கம் வராண்டா சுருங்கிக்கொண்டு வந்தது.

தங்கப்பழத்தின் முதுகில் குறுகுறுத்தது. கோடு முழுச் சுற்றுச் சுற்றித் தன் வாலைத் தொட வந்துகொண்டிருந்தது. ஒரு விரல்கடை பாக்கி.

உள்ளே எவ்வளவு மூச்சு மீதி என்று பார்த்தார். ஏழெட்டுச் சொல்லுக்கு இருந்தது. பொய்க்கு என்றால் ரெண்டுக்குத்தான் வரும்.

"வே."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"வெள்ளரிப்பிஞ்சு."

"என்ன வெள்ளரிப்பிஞ்சு?"

தங்கப்பழம் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி கையை வைத்துக் காட்டினார். பிரேக்கை மிதித்துக் காட்டினார். எட்டு விரலைக் காட்டினார். அதற்கு அப்பால் என்று கையை நீட்டினார்.

"எட்டாவது ஸ்டேஜ் தாண்டியா?" என்றார் வேலாண்டி. "அங்க ஸ்டாப்பே கிடையாதே. ரெண்டு பக்கமும் வெள்ளரித் தோட்டம்லா."

தங்கப்பழம் தலையை ஆட்டினார்.

டாக்டர் இடியாப்ப இழையைக் கையில் பிடித்தபடியே இருந்தார்.

"அங்க நிறுத்தினீங்களா?"

ஆட்டினார்.

"நான் விசில் குடுத்தேனா?"

இல்லை என்று ஆட்டினார்.

"எடுக்கும்போது?"

இல்லை.

"அப்ப நான் எங்க போனேன்?"

"தூங்கினீரு," என்றார் தங்கப்பழம்.

அது ஒரு மத்தியான டிரிப். வண்டியில் ஆள் கிடையாது. பின் சீட்டில் வேலாண்டி பையைக் கட்டிக்கொண்டு தலை தொங்கிக் கிடந்தார். கொடியில் பிஞ்சுகள் பச்சைப் பசேலென்று கிடந்தன. வண்டியை நிறுத்தி, இறங்கி, ரெண்டு பறித்து, கழுவாமல், ஒட்டிய மண்ணைக் காக்கிப் பேன்ட்டில் துடைத்துவிட்டுத் தின்றார். பிறகு ஏறி எடுத்தார். வேலாண்டி விழிக்கவில்லை. இதைத் தங்கப்பழம் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் முழுதாகச் சொல்ல மூச்சு இல்லை. ஆனால் வேலாண்டி முழுவதையும் பார்த்துவிட்டார். இருபத்திரெண்டு வருஷம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தவர்.

"எத்தனை தின்னீங்க?"

ரெண்டு விரல்.

"ரெண்டையும் நீங்களே தின்னீங்களா?"

தங்கப்பழம் கண்ணை மூடித் திறந்தார்.

"எழுப்பியிருந்தா ஒரு விசில் குடுத்திருப்பேன். அது முறைப்படி ஒரு ஸ்டாப் ஆயிருக்கும். நானும் ஒரு பிஞ்சு தின்னிருப்பேன்." வேலாண்டி பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். அவர் உடம்பு இந்தப் பக்கமாகச் சாய்ந்தது. "எனக்கு ஒண்ணு எடுத்து வைக்கணும்னு தோணலையா அண்ணாச்சி?"

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். அதற்கு மூச்சு பத்தாது.

"தோணல," என்றார் தங்கப்பழம்.

செருப்புச் சத்தம் ஒரு ஸ்டேஜ் தூரத்தில் கேட்டது.

வேலாண்டி மேஜையில் பையை வைத்தார். கடைசி டிக்கெட்டை எடுத்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டார். ஏறிய இடம் என்ற கட்டத்தில் எழுதினார். எழுதும்போதே சத்தமாகப் படித்தார்.

"விசில் இல்லாம நின்ன இடம்."

பிறகு திரைக்குக் குனிந்தார். குரல் கண்டக்டர் குரலாக மாறியது.

"வே, எங்க இறங்கணும்?"

அது படுத்தபடியே இருந்தது.

"பதில் சொல்ல மாட்டாரு. மூச்சைப் பிடிச்சிருக்காருல்லா," என்றார் டாக்டர்.

"அப்ப ஏறின இடத்துலயே இறங்கட்டும்."

டிக்கெட்டைக் கிழித்தார். தங்கப்பழத்தின் வயிற்றில், ஜெல்லுக்கு மேலே ஒட்டினார். அது நன்றாக ஒட்டிக்கொண்டது. சகாயம் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஃபாரத்தையும் விரித்து அந்தக் கட்டத்தை நிரப்பினார். நாலைந்து தடவை சரிபார்த்தார். தங்கப்பழத்துக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் எப்போதும் இப்படித்தான். டெர்மினஸில் கட்டுக்கட்டாகச் சரிபார்ப்பார். என்ஜின் அதிர்ந்துகொண்டே நிற்கும்.

"எல்லாரும் டிக்கெட் வாங்கியாச்சா?" என்று வேலாண்டி கேன்டீனைப் பார்த்துக் கேட்டார்.

"வாங்கியாச்சு," என்றார் டாக்டர். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

வேலாண்டி விசிலை வாயில் வைத்தார்.

ரெண்டு விசில்.

தங்கப்பழத்துக்குள் பிரேக் விட்டது. பன்னிரண்டே முக்காலிலிருந்து நின்றிருந்த மூச்சு மொத்தமும் ஒரே சீராக வெளியே வந்தது. மேஜைத் துணி பறந்தது. இடியாப்பம் தட்டோடு நகர்ந்தது. ஈரல் ஆடியது. குழாய் ஆடியது. எல்லாம் ஆடி ஓய்ந்த பிறகும், வாய்க்காலுக்குள் ஒன்று மட்டும் சோம்பல் முறித்தது. தலையைத் தூக்கியது. வளைந்தது. திரும்பிப் படுத்தது.

"அசையுது!" என்று டாக்டர் எழுந்துவிட்டார். "பாத்தீங்களா? குழாய்க்குள்ள குழாய், நிழல் இல்ல, அசைவு இருக்கு!"

கையைக்கூடக் கழுவாமல் எழுதினார். புழு. ஒன்று. உயிருடன். கீழே கையெழுத்துப் போட்டார்.

சர்ஜன் உள்ளே வந்தபோது மணி நாலாக ஒரு நிமிஷம். ரெண்டு கையையும் மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

அவர் வாங்கி வாசித்தார். வயிற்றைப் பார்த்தார். கோடு தன் வாலைத் தொடவில்லை. ஒரு நூல் இடைவெளி இருந்தது. டாக்டர் ஜெபராணி ஒரு துண்டை எடுத்து ஜெல்லைத் துடைத்தார். கோடும் கூடவே வந்துவிட்டது.

"நல்ல கோடு," என்றார் சர்ஜன். அவருக்கு வருத்தம்தான்.

ஆனால் ரெண்டு விசில் கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு தங்கப்பழத்தால் நிற்க முடியாது. மெஷினின் கைப்பிடி கையில் இருந்தது. அது வட்டமாக இருந்தது. காலையில் அப்படி இல்லை. வராண்டா நகர ஆரம்பித்தது. பெஞ்சுகள் பின்னால் போயின. நிழல் பிரிவு போனது. கையைத் தூக்கிய அம்மா போனார். அவர் பஸ்ஸை நிறுத்தத்தான் கை காட்டுகிறார் என்று ஒரு கணம் தோன்றியது. வேலாண்டி விசில் கொடுக்கவில்லை.

சர்ஜன் கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! என் பேனா உங்க டிரைவர்கிட்ட இருக்கு!"

"இங்க ஸ்டாப் இல்ல சார்," என்றார் வேலாண்டி படியில் நின்றுகொண்டு. "அடுத்த வண்டில வாங்க."

வெளியே வெயில். ரோடு. தங்கப்பழம் மூச்சை இழுத்தார், விட்டார், இழுத்தார். இவ்வளவு மூச்சு இருக்கிறது என்பதே மறந்துபோயிருந்தது. பேச வேண்டும் போலிருந்தது. ஆனால் ஓட்டும்போது பேசக் கூடாது என்று தலைக்கு மேலேயே எழுதியிருந்தது.

ஆறாவது ஸ்டேஜ் தாண்டியது. ஏழு தாண்டியது. எட்டு தாண்டியது. ரெண்டு பக்கமும் வெள்ளரிக் கொடி.

ஒரு விசில்.

தங்கப்பழம் நிறுத்தினார். வண்டி நின்றது. மூச்சும் நின்றது.

வயிற்றின் வலது பக்கத்தில் ஒரு படி இறங்கும் அசைவு. பிறகு இன்னொரு படி.

"பாத்து இறங்கும்," என்றது வேலாண்டியின் குரல். "டிக்கெட்டைக் குடுத்துட்டுப் போம்."

அதன் பிறகு சத்தமே இல்லை. கண்ணின் மஞ்சள் வழியே மஞ்சளாகத் தெரிந்துகொண்டிருந்த ரோடு மெல்லத் தன் கறுப்புக்குத் திரும்பியது. தங்கப்பழம் ரெண்டு விசிலுக்குக் காத்திருந்தார். வரவில்லை. பக்கக் கண்ணாடியில் பார்த்தார்.

வேலாண்டி வண்டியில் இல்லை. தோட்டத்துக்குள் குனிந்திருந்தார். பை தரையில் கிடந்தது. ஒரு பிஞ்சைப் பறித்தார். அதைத் தூக்கிக் காட்டினார். தங்கப்பழம் பார்க்கிறார் என்று உறுதியான பிறகு, ஒட்டிய மண்ணை மெல்ல வேட்டியில் துடைத்தார்.

கழுவிட்டுத் தின்னும் வே என்று கத்த வேண்டும். மூன்று சொல். உள்ளே அவ்வளவு மூச்சு இருந்தது. ஆனால் ஒரு விசில்தான் ஆகியிருந்தது; ரெண்டு கேட்காமல் அவர் மூச்சை விட மாட்டார்.